புரோக்கர் யாருடைய ஆள்?

ஸ்ரீரங்கத்தில் வீடு தேட ஆரம்பித்த முதல் மாதத்திலேயே ஒரு தப்பு பண்ணினேன். அன்றைக்கு மூன்று வீடு பார்த்த களைப்பு. மாம்பழச்சாலையில் ஒரு டீக்கடை. எங்களுக்கு வீடு காட்டிக்கொண்டிருந்த புரோக்கரிடம் மனசு விட்டுச் சொன்னேன்: "எங்க கணக்கு 58 லட்சம் சார். லோனைக் கொஞ்சம் இழுத்தா 62. அதுக்கு மேல சத்தியமா முடியாது."

அவர் தலையாட்டினார். "பேசி முடிச்சுத் தர்றேன், கவலைப்படாதீங்க."

மூன்றாவதாகப் பார்த்த வீட்டுக்காரர் 65 கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, "உங்களுக்காக 62-க்கு ஒத்துக்கிட்டார், அதுக்குக் கீழ ஒரு ரூபா இறங்க மாட்டேங்கிறார்" என்று செய்தி வந்தது. எங்களுக்கோ சந்தோஷம். 62-க்கே முடித்தோம். புரோக்கருக்கு ஒரு சதவீதம், 62,000 ரூபாய், நன்றியோடு கொடுத்தோம்.

ஒரு வருஷம் போனது. பழைய வீட்டுக்காரரைத் தற்செயலாக அம்மா மண்டபத்தில் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "நான் 59-க்கே கொடுத்திருப்பேன் தம்பி. உங்க புரோக்கர்தான், 62-ல நில்லுங்க, பார்ட்டி வந்துடும்னார்." அவரும் அந்தப் புரோக்கருக்கு ஒரு சதவீதம் கொடுத்திருந்தார்.

"உங்க புரோக்கர்" என்று அவர் சொன்ன வார்த்தைதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அந்த மனுஷரை "என் புரோக்கர்" என்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்து, அவர் சொன்னபடி 62-ல் நின்றிருக்கிறார். அப்படியானால் அவர் யாருடைய ஆள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன், சில புரோக்கர்களிடமும் பேசினேன். அந்தக் குறிப்புகள்தான் இது. நான் வக்கீல் இல்லை. உங்கள் சொத்துக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள்.

1872-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்

நம்ம நாட்டில் புரோக்கருக்கென்று சட்டமே இல்லை என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 182-ஆம் பிரிவிலிருந்து 238 வரை முழுக்க முகவர் பற்றித்தான். ஒருவருக்காக வேலை செய்யவோ, மூன்றாம் ஆளிடம் அவர் சார்பில் பேசவோ அமர்த்தப்பட்டவர் முகவர். அமர்த்தியவர் முதல்வர். கூலி பேசியே ஆகவேண்டும் என்றுகூட இல்லை. கூலி இல்லாமலும் முகவர் உறவு உருவாகும்.

உருவாகிவிட்டால் கடமைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல்வர் சொன்னபடி நடக்க வேண்டும். வேலைக்குத் தேவையான திறமையும் கவனமும் காட்ட வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். சிக்கல் வந்தால் முதல்வரைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். தன் சொந்த லாபத்துக்காக அந்த விவகாரத்தில் இறங்கினால் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும்.

சட்டம் கொடுக்கும் உதாரணங்களே வீடு, நிலம் பற்றியவைதான். ஒருவர் தன் சொத்தை விற்கச் சொல்லி முகவரை அமர்த்துகிறார். முகவர் வேறொருவர் பெயரில் தானே வாங்கிக்கொள்கிறார். முக்கியமான விஷயத்தை அவர் மறைத்தார் என்றோ, விற்பனை தனக்கு நஷ்டம் என்றோ காட்ட முடிந்தால், சொத்துக்காரர் அந்த விற்பனையை ஏற்க மறுக்கலாம். இது 215-ஆம் பிரிவு. அடுத்த பிரிவில் இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு வீட்டை எனக்கு வாங்கிக் கொடு என்று முகவரிடம் சொல்கிறேன். "அது கிடைக்காது" என்று சொல்லிவிட்டு அவரே வாங்கிவிடுகிறார். எனக்குத் தெரியவந்தால், அவர் கொடுத்த அதே விலைக்கு அந்த வீட்டை எனக்குக் கொடுக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தலாம்.

இதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே இந்தத் தில்லுமுல்லு எல்லாம் தெரிந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். இந்தக் கடமைகள் எல்லாம் முதல்வருக்குத்தான். டீக்கடையில் நான் அந்தப் புரோக்கருக்கு முதல்வரா? நான் அவரை எதற்கும் எழுத்தில் அமர்த்தவில்லை. அவர் வீடு காட்டினார், நான் பின்னாடி போனேன். அவ்வளவுதான்.

திருச்சியில் எத்தனை வகை

பேச்சில் எல்லாரையும் "புரோக்கர்" என்றோ "மீடியேட்டர்" என்றோதான் சொல்கிறோம். ஆனால் யார் பக்கம் நிற்கிறார், எதில் சம்பாதிக்கிறார் என்று பார்த்தால் ஆறு பேர் தெரிகிறார்கள்.

முதலாவது, விற்பவரின் ஆள். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்து வைத்திருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்கு இப்படி ஒருவர் இருப்பார். இவர் நல்ல விலை வாங்கித் தரவேண்டியது வீட்டுக்காரருக்கு. உங்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவது அந்த வேலையின் ஒரு பகுதி. அதில் தப்பே இல்லை, உங்களுக்கு அது தெரிந்திருந்தால்.

இரண்டாவது, வாங்குபவரின் ஆள். "எனக்கு இந்த மாதிரி வேணும், தேடிக் கொடுங்க, கமிஷன் நான் மட்டும்தான் தருவேன், எதிர்ப்பக்கம் வாங்கக் கூடாது" என்று பேசி அமர்த்துவது. திருச்சியில் இது அபூர்வம். பெரிய கம்பெனிக்கு இடம் பிடிப்பவர்களிடம் உண்டு. வீடு வாங்கும் குடும்பங்கள் இப்படி அமர்த்துவதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாது.

மூன்றாவது, இரண்டு பக்க ஆள். தில்லைநகரிலிருந்து கே.கே.நகர் வரை வழக்கமாக நடப்பது இதுதான். விற்பவரிடம் ஒன்று அல்லது இரண்டு சதவீதம், வாங்குபவரிடம் ஒன்று அல்லது இரண்டு. இரண்டு பேரின் ரகசியமும் ஒருவரின் காதில். இரண்டு பேருக்கும் தெரிந்து, சம்மதித்து நடந்தால் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விலை என்று வரும்போது ஒருவருக்கு நல்லது செய்தால் இன்னொருவருக்குக் கெடுதல். நேர்மையான இரண்டு பக்க ஆள் செய்யக்கூடியது ஒன்றுதான். தூது போகலாம், சந்திப்பு ஏற்பாடு செய்யலாம், இரண்டு பக்கத்து உச்சவரம்பையும் வாயைத் திறக்காமல் வைத்துக்கொள்ளலாம். என் விஷயத்தில் அந்தக் கடைசி வேலைதான் நடக்கவில்லை.

நான்காவது, மேல்பணக்காரர். "மாமி, உங்க கைக்கு 55 வந்துடும். மேல எவ்வளவு வந்தாலும் அது என்னோடது" என்பார். விற்பவருக்குக் கமிஷன் மிச்சம் என்று தோன்றும். 64-க்கு விற்றுவிட்டு 9 லட்சத்தை அவர் எடுத்துக்கொண்டால்? தெரிந்தே ஒத்துக்கொண்டிருந்தால் கேட்க முடியாது. தெரியாமல் மறைத்து எடுத்திருந்தால் அந்த ஆதாயத்தைக் கேட்கும் உரிமை முதல்வருக்கு உண்டு.

ஐந்தாவது, அக்ரிமெண்ட் போட்டவர். இவர் புரோக்கர் மாதிரியே பேசுவார். ஆனால் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ தவணை வைத்துக் கிரய ஒப்பந்தம் போட்டிருப்பார். அதற்குள் அதிக விலைக்கு ஆள் பிடித்துக் கைமாற்றிவிடுவார். இவர் யாருடைய முகவரும் இல்லை, தனக்காக வியாபாரம் பண்ணுகிறவர். அதைச் சொல்லிச் செய்தால் அது ஒரு தொழில். புரோக்கர் என்று சொல்லிக்கொண்டு, உங்களிடம் கமிஷனும் வாங்கிக்கொண்டு இதைச் செய்தால்தான் பிரச்சினை.

ஆறாவது, பவர் ஏஜெண்ட். பேரிலேயே ஏஜெண்ட் இருக்கிறது. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பொது அதிகார ஆவணத்தை வைத்துக் கையெழுத்துப் போடுபவர். இவர் முழுக்க முழுக்க விற்பவரின் ஆள். பவரே சொத்து ஆகாது. பவரை வைத்துக்கொண்டு வீடு கைமாறிவிட்டது என்று சொல்லும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாக மறுத்தது. உரிமை மாறப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக பவரும் முடிந்துவிடும். அதனால்தான் பத்திர அலுவலகத்தில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொடுத்த பவரில் வாங்குகிறீர்கள் என்றால், ஒரு வீடியோ கால் போட்டு அவர்களிடமே நேரில் பேசிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.

இந்த ஆறு பேருக்கும் கீழே இன்னொரு கூட்டம் உண்டு. "அந்த வீடு விலைக்கு வருது" என்று தகவல் கொடுக்கும் இஸ்திரிக்காரர், பூக்காரம்மா, ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு சார். கமிஷன் நாலைந்து கை பிரியும். ஒரே வீட்டை ஐந்து புரோக்கர் காட்டுவார்கள், ஐந்து விலை சொல்வார்கள். யாரிடமும் எழுத்து இல்லை. முதலில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துபவருக்குத்தான் காசு. அதனால் தாய்ப்பத்திரம் இருக்கிறதா, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா என்றெல்லாம் உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. பார்த்தால் அடுத்தவன் முந்திவிடுவான்.

கமிஷன் கணக்கு

புரோக்கர் கெட்டவர் என்று முடித்துவிடுவது சுலபம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும்.

60 லட்சம் வீடு. இரண்டு பக்கமும் ஒரு சதவீதம். புரோக்கருக்கு 1,20,000. விலை 57-க்கு இறங்கினால் அவருக்கு 1,14,000. விற்பவருக்கு 3 லட்சம் போச்சு, புரோக்கருக்கு 6,000 போச்சு. அந்த 6,000-க்காக இன்னும் இரண்டு மாதம் அலைவாரா? மாட்டார். 63-க்கு ஏறினாலும் அதே கதை, வாங்குபவருக்கு 3 லட்சம் கூடுதல், அவருக்கு 6,000 கூடுதல். அவருக்கு முக்கியம் விலை இல்லை, வியாபாரம் இந்த மாதமே முடிவது. எந்தப் பக்கம் தள்ளினால் சீக்கிரம் முடியுமோ அந்தப் பக்கம் தள்ளுவார். என் கதையில் இளகியவன் நான், என்னைத் தள்ளினார். வேறு வீட்டில் விற்பவருக்கு அவசரம் என்றால் அவரைத் தள்ளியிருப்பார்.

இது நம்ம ஊர் புரோக்கருக்கு மட்டும் உள்ள குணமில்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசி 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜெண்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அடுத்தவர் வீட்டைவிட 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், விலையும் சுமார் 3.7 சதவீதம் அதிகம் கிடைக்கிறது. சொந்த வீடென்றால் பொறுமை தானாக வருகிறது!

மற்ற ஊர்களில் எப்படி

அமெரிக்காவில் விற்பவருக்கு ஒரு ஏஜெண்ட், வாங்குபவருக்கு ஒரு ஏஜெண்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேயும் ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1990-கள் வரை, வாங்குபவரைக் காரில் ஏற்றி வீடு வீடாகக் காட்டும் ஏஜெண்டுகூட பெரும்பாலும் சட்டப்படி விற்பவரின் துணை முகவர். வாங்குபவர்களில் பெரும்பாலானோர் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்தார்கள் என்று 1983-ல் அந்த நாட்டு வர்த்தக ஆணையத்தின் அறிக்கை சொன்னது. டீக்கடையில் நான் நினைத்த மாதிரியேதான். அதற்குப் பிறகு, "நான் யாருக்காக வேலை செய்கிறேன்" என்று ஏஜெண்ட் முதலிலேயே சொல்ல வேண்டும் என மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்தது. ஃபுளோரிடா, கொலராடோ போன்ற இடங்களில் ஒரே ஆள் இரண்டு பக்கத்துக்கும் முகவராக இருக்க முடியாது. வேண்டுமானால் யார் பக்கமும் சாயாத நடுவாளாக இருந்து வேலையை முடித்துக் கொடுக்கலாம்.

சம்பளம் யார் தருவது என்ற சண்டை இன்னும் ஓடியது. வாங்குபவர் ஏஜெண்டுக்கும் விற்பவரே கமிஷன் கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்த வழக்கில், 2023 அக்டோபரில் மிசூரியில் ஜூரி விற்பவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏஜெண்டுகளின் தேசிய சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே வாங்குபவருக்கும் அவர் ஏஜெண்டுக்கும் எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். கமிஷன் எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அமெரிக்கா தூரம். சிங்கப்பூர் நமக்குப் பக்கம், திருச்சியிலிருந்து நேர் விமானம். அங்கே சம்பாதித்து இங்கே மனை வாங்கும் குடும்பம் நம்ம பக்கத்தில் தெருவுக்கு ஒன்று. அங்கே 2010-ல் எஸ்டேட் ஏஜெண்டுகள் சட்டம் வந்தது, அதற்கென ஒரு கவுன்சில் அமைத்தார்கள். பதிவு பெற்ற எல்லா விற்பனை ஏஜெண்டின் பேரையும் பொதுமக்கள் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரே வியாபாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் நிற்பது தடை. அங்கே வீடு வாங்கும்போது இதையெல்லாம் கேட்கிற அதே நம்ம ஆள், ஊருக்கு லீவில் வரும்போது பத்து நாளில் முடிக்கணும் என்று புரோக்கர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்.

ரெரா வந்துவிட்டதே?

2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2017-ல். புரோக்கர் என்ற ஆளை நேராகப் பார்த்துப் பேசிய சட்டம் இது. பதிவு பெறவேண்டிய திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுக்கும் ஏஜெண்ட் தானும் பதிவு பெற வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்க உதவ வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மொத்தத்தில் சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகும்.

ஆனால் "திட்டத்தில்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அடையவளஞ்சான் வீதியில் எண்பது வருஷப் பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் அது திட்டம் இல்லை. அதைக் காட்டும் புரோக்கருக்கு ரெரா பதிவும் தேவையில்லை. புதுக் கட்டடத்திலும் ஒரு ஓட்டை உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகள் என்றால் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 5,380 சதுர அடி. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்கோயிலிலும் பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு ஃபிளாட், எட்டு ஃபிளாட் கட்டுகிறார்களே, அதில் பல இந்த ஓட்டைக்குள் அடங்கிவிடும். ஆக நம்ம ஊரில் நடக்கும் வீட்டு வியாபாரத்தில் பெரும்பங்குக்கு இன்னமும் 1872 சட்டம்தான்.

ஸ்ரீரங்கத்துக்கென்று ஒரு சோதனை

புரோக்கர் யாருடைய ஆள் என்பது விலையை மட்டும் பொறுத்த விஷயமில்லை. உண்மையைச் சொல்லும் கடமை யாருக்கு என்பதும் அதில்தான் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அடிமனைப் பிரச்சினை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக: வீடு நம்முடையது, அது நிற்கும் மண் கோயிலுடையது என்ற உரிமைக் கோரிக்கை. தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் வைத்திருக்கும் குடும்பங்களே விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாமல் தவித்த கதை நிறைய. தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் பேசப்படும் விஷயம். அறநிலையத் துறைச் சட்டப்படி கோயில் சொத்தை ஆணையர் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவுப்படி, அப்படி அனுமதி இல்லாத பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்க வேண்டும்.

இப்போது ஒரு புரோக்கர் உங்களுக்கு வீடு காட்டுகிறார். அந்த சர்வே எண்ணில் பத்திரம் பதிவாகுமா என்ற சந்தேகம் அவருக்கு நன்றாகவே தெரியும், ஊரில் பிறந்து வளர்ந்தவர். அவர் உங்கள் முகவர் என்றால், தெரிந்ததை உங்களிடம் மறைப்பது கடமை மீறல். அவர் விற்பவரின் முகவர் என்றால் உங்களிடம் அவருக்கு அந்தக் கடமை இல்லை. விற்பவருக்கு உண்டு. சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன் 55-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்ல வேண்டும். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு விசாரிப்பில் தெரிந்திருக்கும் விஷயத்தை நீங்கள் விசாரிக்காமல் விட்டிருந்தால், "சாதாரண கவனம்" எங்கே போச்சு என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே இந்த ஊரில் அட்வான்ஸுக்கு முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இந்த சர்வே எண்ணில் கிரயம் பதிவாகுமா?" கேட்கவேண்டிய இடம் புரோக்கர் இல்லை. டவுன் சர்வே பதிவேட்டு நகலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், வில்லங்கச் சான்றில் சமீபத்தில் அந்த எண்ணில் கிரயம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு சார்பதிவாளர் அலுவலகத்திலேயே விசாரியுங்கள்.

புரோக்கர் பக்கத்து நியாயம்

இதையெல்லாம் நாற்பது வருஷமாகத் தொழில் செய்யும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். கோபப்படாமல் சொன்னார்: "சார், நான் ஒரு பார்ட்டிக்கு இருபது வீடு காட்டுவேன். பெட்ரோல் என் காசு. பிடிச்ச வீடு வந்ததும் ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம நம்பரை மாத்திக்குவாங்க. ஒரு மாசம் கழிச்சு, 'வேண்டாம்னு விட்டுட்டோம்'னு சொல்வாங்க. அப்புறம் பாத்தா கிரகப்பிரவேசம் நடக்கும். நான் யாருகிட்ட போய்க் கேக்குறது?"

அதுவும் உண்மை. வீட்டுக்காரரை நேரில் பேச விடாமல், பட்டா நகலைக் காட்டாமல் அவர்கள் மறைப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம்தான். எழுத்து இல்லாததால் நமக்கு விசுவாசம் கிடைப்பதில்லை, அவர்களுக்குக் கூலி நிச்சயமில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் கை நீட்டி வைக்கிறார்கள், ஒரு பக்கம் ஏமாற்றினாலும் இன்னொரு பக்கமாவது வரட்டுமே என்று.

நான் இப்போது செய்வது

ஒன்று, முதல் நாளே கேட்டுவிடுவேன்: "இந்த வீட்டுக்கு நீங்க யார் சார்பா பேசுறீங்க? எதிர்ப்பக்கம் எவ்வளவு வாங்குறீங்க? உங்களுக்கு இதுல சொந்தப் பங்கு, அக்ரிமெண்ட் ஏதாவது இருக்கா?" மூணு கேள்வி. பதில் எதுவானாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும்.

இரண்டு, இரண்டு பக்க ஆளிடம் என் கடைசி விலையையோ அவசரத்தையோ சொல்வதில்லை. அவர் கேட்பார். "பாக்கலாம் சார்" என்பதே பதில்.

மூன்று, பேசியதை ஒரு பக்கத்தில் எழுதுவது. எந்தச் சொத்து, யார் பக்கம், கமிஷன் எவ்வளவு, எப்போது, எத்தனை மாதத்துக்கு, அந்தக் காலத்தில் இவர் காட்டிய வீட்டை நேரடியாக முடித்தாலும் கமிஷன் உண்டு என்பது. சங்கடமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் போதும், ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

நான்கு, வேலையைப் பிரிப்பது. வீடு கண்டுபிடிப்பது புரோக்கர். பத்திரம் பார்ப்பது நான் தேடிப் பிடித்த வக்கீல், புரோக்கர் கூட்டிவந்த வக்கீல் இல்லை. அளப்பது என் இன்ஜினியர். பொதுச்சுவர் யாருடையது, கொல்லைப்புறம் பத்திரத்தில் எவ்வளவு என்பதெல்லாம் நம்ம ஊர் நீள வீடுகளில் கட்டாயம் அளந்து பார்க்கவேண்டியவை.

ஐந்து, அட்வான்ஸ் வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கு மட்டும். புரோக்கர் கையில் இல்லை. சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று அரசுக்கு ஒன்பது சதவீதம் கட்டப்போகிறோம். வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களில் போய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆறு, திட்டத்தில் ஃபிளாட் அல்லது மனை என்றால் தமிழ்நாடு ரெரா தளத்தில் இரண்டு எண்ணையும் பார்ப்பது: திட்டத்தின் பதிவு எண், ஏஜெண்டின் பதிவு எண்.

அத்தை வீடு

போன வருஷம் அத்தை வீட்டை விற்க வேண்டியிருந்தது. முழங்கால் வலி, தனியாக இருக்க முடியவில்லை, பெண் வீட்டோடு போகணும். இந்தத் தடவை நான் அந்த நாற்பது வருஷப் பெரியவரையே கூப்பிட்டேன். ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். நீங்கள் எங்கள் பக்கம் மட்டும், வாங்குபவரிடம் கமிஷன் கிடையாது, அதற்குப் பதில் நாங்கள் இரண்டு சதவீதம் தருகிறோம், நாலு மாதம் வேறு யாரிடமும் வீட்டைக் கொடுக்க மாட்டோம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து யாரும் என்கிட்ட எழுதிக் கொடுத்ததில்ல சார்" என்றார். கையெழுத்துப் போட்டார். மறுநாளே மூலப்பத்திரத்திலிருந்து எல்லா நகலையும் வரிசைப்படுத்திக் கேட்டார். மாமாவின் வாரிசுச் சான்றில் ஒரு பெயர்ப்பிழை இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னதும் அவர்தான். அதுவரை எந்தப் புரோக்கரும் எனக்கு அப்படிச் செய்து பார்த்ததில்லை.

மூன்றாவது மாதம் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை. வீட்டைப் பார்த்துவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்ததும் அந்தப் பையன் பெரியவரிடம் ஆரம்பித்தான்: "சார், எங்களால எவ்வளவு முடியும்னா…"

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, நான் மாமியோட ஆள். உங்க கணக்கை என்கிட்ட சொல்லாதீங்க. வீட்ல பேசிட்டு ஒரு விலை சொல்லுங்க, போதும். பத்திரத்தை உங்க வக்கீல்கிட்ட காட்டிட்டு வாங்க."

அவர்களுக்கே கொடுத்தோம். நாங்கள் கேட்டதைவிட ஒன்றரை லட்சம் குறைத்து.